வாசகர் கேள்வி - பதில்: இ20 பெட்ரோல், எலெக்ட்ரிக் கார், இலவச பஸ், இன்னும் சில

கேள்வி: என் கார் 2017 மாடல், பெட்ரோல். முன்ன லிட்டருக்கு 16 குடுத்துச்சு, இப்ப 14, 14.5 தாண்ட மாட்டேங்குது. இ20 பெட்ரோல்தான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க. இன்ஜின் கெட்டுப் போறதுக்குள்ள வித்துடலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

விக்காதீங்க சார். எட்டு வருஷம் ஆன வண்டிக்கு இப்ப கிடைக்கிற விலையும், புது வண்டிக்கு நீங்க போடப்போற காசும் பாத்தா, மைலேஜ்ல போறது ஒண்ணுமே இல்ல.

இ20ன்னா 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால்ங்கிறது கரும்பு, மக்காச்சோளம் மாதிரி பயிர்ல இருந்து எடுக்கிற எரிபொருள். இ20ல மைலேஜ் குறையும்ங்கிறது உண்மை, அத யாரும் மறைக்க முடியாது, ஏன்னா எத்தனால்ல பெட்ரோலைவிட சுமார் மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி. நிதி ஆயோக் 2021ல போட்ட அறிக்கையிலயே உங்க மாதிரி பழைய கார்ல 6-7 சதவீதம், டூவீலர்ல 3-4 சதவீதம் குறையும்னு எழுதி இருக்கு. உங்க 16ல 7 சதவீதம்னா ஒரு கிலோமீட்டர் சொச்சம், அப்ப 15 வரணும். உங்களுக்கு 14, 14.5னா மிச்சம் வேற எங்கயோ போகுது. டயர் காத்து, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் ப்ளக், இது மூணையும் பாக்கச் சொல்லுங்க. டயர் பழசா இருந்தா வீல் அலைன்மென்ட்டும் பாத்துடுங்க. எல்லா பழியையும் பெட்ரோல் மேல போட்டுட்டு காத்து இல்லாத டயர்ல ஓட்டிக்கிட்டு இருக்கிறவங்க நிறைய பேர்.

இன்ஜின் ஒரேடியா போயிடும்ங்கிற பயம் வேண்டாம். பாக்க வேண்டியது ரப்பர் சாமான்கள். ஃப்யூயல் ஹோஸ், கேஸ்கெட், ஓ-ரிங் இதெல்லாம் பழைய வண்டியில எத்தனாலுக்காக செஞ்சது கிடையாது, நாளாக நாளாக இறுகும், வெடிப்பு விடும். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகள்லதான் இ20க்கு தாங்குற பொருள் போட்டு வருது. அடுத்த சர்வீஸ்ல வண்டிய லிஃப்ட்ல தூக்கும்போது நீங்களே கீழ நின்னு பெட்ரோல் லைன் முழுக்க ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாருங்க, ஜாயின்ட் கிட்ட ஈரக்கசிவோ பெட்ரோல் வாடையோ இருந்தா அந்த ஹோஸ மட்டும் மாத்துங்க, செலவு பெருசா வராது. இன்னொண்ணு, எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும். அதனால கால் டேங்க் பெட்ரோலோட மாசக்கணக்குல வண்டிய ஷெட்ல நிறுத்தி வைக்காதீங்க, முக்கியமா ஐப்பசி கார்த்திகை மழையில. பெட்ரோல்ல கலக்கன்னு கடையில விக்கிற சின்ன பாட்டில் மருந்து எதையும் வாங்கி ஊத்தாதீங்க.

இனி கொள்கை பத்தி. கச்சா எண்ணெய் இறக்குமதிய குறைக்கணும், கரும்பு விவசாயிக்கு காசு சேரணும், இது ரெண்டும் நியாயமான நோக்கம், நான் எதிர்க்கல. 2030ல எட்ட வேண்டிய 20 சதவீதத்த 2025லயே எட்டிட்டாங்க, அதுவும் சாதனைதான். எனக்கு இருக்கிற கோபம் வேற. பிரேசில்ல பங்க்குல எத்தனால் தனியா, எத்தனால் கலந்த பெட்ரோல் தனியா விக்கிறாங்க, 2003ல இருந்து அங்க ரெண்டும் ஊத்துற மாதிரி ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் கார் ஓடுது, எத்தனால் விலை பெட்ரோல் விலையில 70 சதவீதத்துக்குக் கீழ இருந்தா எத்தனால், இல்லன்னா பெட்ரோல்னு டிரைவரே கணக்குப் போட்டு ஊத்திக்கிறார். இங்க சாதா பெட்ரோல்னு கேட்டா ஒரே நாசில், சக்தி குறைஞ்ச சரக்கு, விலை மட்டும் அதே விலை. பழைய வண்டிக்காரனுக்கு பக்கத்துலயே இ10 ஒரு நாசில் வெச்சிருக்கணும், இல்லன்னா விலையில ரெண்டு மூணு ரூபாயாவது குறைச்சிருக்கணும். 2025 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் இது பத்தின பொதுநல மனுவ தள்ளுபடி பண்ணிடுச்சு, ஆனா கோர்ட் தள்ளினதால கேள்வி நியாயம் இல்லாததா ஆயிடாது. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வெச்சிருக்கிறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, மக்காச்சோளம் எத்தனாலுக்குப் போக ஆரம்பிச்ச பிறகு தீவன விலை என்ன ஆச்சுன்னு சொல்லுவாங்க. லாபக் கணக்கு காட்டுறப்போ இந்தச் செலவையும் அதே பேப்பர்ல எழுதணும்.

கேள்வி: கம்பெனிக்குப் போக வர தினம் 45 கிலோமீட்டர். சொந்த வீடு, கார் ஷெட் இருக்கு. வீட்டுக் கரண்ட் ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் கிட்ட வருது. எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா?
- பனியன் கம்பெனி மேனேஜர், திருப்பூர்

வாங்கலாம், உங்களுக்குப் பொருந்தும். ஆனா ஷோரூம்ல "கிலோமீட்டருக்கு ஐம்பது பைசா"ன்னு சொல்ற கணக்க நம்பி வாங்காதீங்க, நம்ம ஊர் ஈ.பி. ஸ்லாப் வேற மாதிரி வேலை செய்யும்.

கணக்கு இதுதான். நடைமுறையில ஒரு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர்னு வெச்சுக்கோங்க, சார்ஜ் ஏறும்போது வீணாகுறதும் சேத்துத்தான் சொல்றேன். தினம் 45னா ஏழு யூனிட், மாசம் 26 நாள், ரெண்டு மாசத்துக்கு சுமார் 360 யூனிட். உங்க 300ஓட சேந்தா 660. தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டின உடனே 500க்கு மேல உள்ளதுக்கு மட்டும் ரேட் ஏறுறதில்ல, கீழ இருக்கிற யூனிட்ல ஒரு பகுதியோட ரேட்டும் சேந்து ஏறிடும், அந்த முதல் 100 இலவசம் மிஞ்சும். 500க்கு மேல யூனிட் எட்டு ரூபாயத் தாண்டிடும். இப்ப எழுநூறு ரூபா கிட்ட வர்ற பில்லு மூவாயிரத்து ஐநூறு பக்கம் போகும். அதாவது காருக்காக நீங்க கூட கட்டுறது 2,800 சொச்சம், ஓடுறது 2,340 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு ஒண்ணேகால் ரூபா கிட்ட வருது.

அப்பவும் லாபம்தான். லிட்டருக்கு 15 குடுக்கிற பெட்ரோல் கார்ல கிலோமீட்டருக்கு ஆறரை ரூபாய்க்கு மேல ஆகும். வருஷத்துக்கு எழுபதாயிரம் பக்கம் மிச்சம். ஆனா 2025 செப்டம்பர் 22ல இருந்து சின்ன பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 28ம் அதுக்கு மேல செஸ்ஸும் இருந்தது 18 ஆயிடுச்சு, எலெக்ட்ரிக்குக்கு அதே 5 தான், அதனால ரெண்டுக்கும் விலை வித்தியாசம் முன்னைவிட கூடியிருக்கு. ரெண்டுக்கும் ஆன்ரோடு விலைய எழுதி வாங்கி, அந்த வித்தியாசத்த எழுபதாயிரத்தால வகுத்துப் பாருங்க. அஞ்சு வருஷத்துக்குள்ள வந்தா தைரியமா வாங்குங்க, ஏழு எட்டுன்னு வந்தா யோசிங்க. பேட்டரிக்கு பெரும்பாலும் 8 வருஷம் இல்ல 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி குடுக்கிறாங்க, எத்தனை சதவீதத்துக்குக் கீழ போனா மாத்தித் தருவாங்கன்னு அந்தத் தாள வாங்கிப் படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க.

மொட்டை மாடி காலியா இருந்தா சோலார் போடுங்க. பிரதமர் சூரிய வீடு திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம் வருது, நம்ம வெயிலுக்கு அது ஒரு நாளைக்கு 12 யூனிட் கிட்ட தரும், கார் குடிக்கிறது ஏழு. கார் பகல்ல கம்பெனியில நின்னாலும் பரவாயில்ல, பகல்ல சோலார் குடுத்த யூனிட்ட நெட் மீட்டர் மூலமா உங்க பில்லுல கழிச்சுக்குவாங்க. 500 யூனிட் கோட்டுக்குக் கீழயே நின்னுடலாம்.

ஒரே ஒரு விஷயத்த கெஞ்சிக் கேக்கிறேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சார்ஜ் போடாதீங்க. தெரிஞ்சவர் வீட்டுல ஏ.சி.க்குன்னு பழைய வயரிங்ல இருந்து இழுத்த 16 ஆம்பியர் பாயின்ட்ல கார் போட்டு, நாலு மாசத்துல அந்த சாக்கெட்டோட வெள்ளை முகம் ஓட்டைய சுத்தி பழுப்பாகி உருகி, ப்ளக்க இழுத்தா பின் ஒண்ணு உள்ளயே ஒட்டிக்கிச்சு. எட்டு மணி நேரம் தொடர்ந்து லோடு போறது வீட்டு வயரிங்குக்குப் பழக்கம் இல்லாத வேலை. மீட்டர் போர்டுல இருந்து தனி லைன், தனி எம்சிபி (லோடு கூடினா தானா ஆஃப் ஆகுற ஸ்விட்ச்), ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா ஆஃப் ஆகுற ஸ்விட்ச்), நல்ல எர்த், இதுக்கு ஆகுற காச கார் விலையிலயே சேத்துக்கோங்க.

வாடகை வீட்டுல இருக்கிறவங்க, ஃப்ளாட்ல பார்க்கிங் நிச்சயம் இல்லாதவங்க இந்தப் பதில தங்களுக்குன்னு எடுத்துக்க வேண்டாம். வெளிய ஃபாஸ்ட் சார்ஜர்ல யூனிட்டுக்கு இருபது ரூபா கிட்ட ஆகுது, அந்த விலையில தினமும் போட்டா மேல சொன்ன லாபத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போயிடும். அதோட தீபாவளி பொங்கலுக்கு ஹைவேயில சார்ஜருக்கு க்யூ நிக்கணும்.

கேள்வி: ஃபாஸ்டேக் வருஷ பாஸ் எடுக்கலாமா?
- செங்கல்பட்டு வாசகர்

3,000 ரூபாய்க்கு 200 கிராஸிங்னு 2025 ஆகஸ்ட் 15ல கொண்டு வந்தாங்க, அந்தக் கணக்குல ஒரு டோலுக்கு 15 ரூபா. மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை சொந்த ஊர் போறவங்களுக்கு நல்ல லாபம். ஆனா நீங்க பரனூர் டோல தினமும் ரெண்டு தடவை தாண்டுறவரா இருந்தா 200ங்கிறது நாலு மாசத்துல தீந்துடும், டோலுக்கு 20 கிலோமீட்டருக்குள்ள வீடு இருந்தா லோக்கல் மாச பாஸ் இருக்கான்னு முதல்ல கேளுங்க. மாநில நெடுஞ்சாலை டோல்ல இந்த பாஸ் செல்லாது, டாக்ஸிக்கும் கிடையாது.

கேள்வி: பெண்களுக்கு இலவச பஸ் விட்டு அரசாங்கப் பணத்த வீணாக்குறாங்களே? வரி கட்டுறவன் ஏமாளியா?
- வியாபாரி, சேலம்

அண்ணே, நானும் வரி கட்டுறவன்தான். என் வரி இதுக்குப் போறதுல எனக்கு வருத்தம் இல்ல, சந்தோஷம்.

காலைல ஆறரை மணிக்கு எந்த டவுன் பஸ்ஸுலயாவது ஏறிப் பாருங்க. சீட்டுக்கு அடியில பூக்கூடை இருக்கும், சித்தாள் வேலைக்குப் போறவங்க தூக்குவாளிய மடியில வெச்சு தூங்கிக்கிட்டு வருவாங்க, நாலு வீட்டுல பாத்திரம் கழுவப் போற அம்மா கம்பியப் பிடிச்சு நிப்பாங்க. இவங்களுக்கு நாளைக்கு இருபது முப்பது ரூபா மிச்சம்னா மாசக் கடைசியில அது ஒரு சிலிண்டர் காசு. மாநிலத் திட்டக்குழு நடத்தின ஆய்வுல ஒரு பெண்ணுக்கு மாசம் சராசரியா 888 ரூபா மிச்சமாகுதுன்னு வந்துச்சு. அந்தப் பணம் எங்கயும் போகல, உங்க சேலத்துக் கடைவீதிக்குத்தான் வருது. காசவிட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, முன்ன வீட்டுல கேட்டு காசு வாங்கித்தான் வெளிய கிளம்பணும்னு இருந்த பொண்ணுக்கு இப்ப கேக்கவே வேண்டியதில்ல. பக்கத்து ஊர்ல சம்பளம் கூடன்னா அங்க போய் வேலை பாக்கலாம், பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம்.

இலவசம்னா நாமளும் நிறைய வாங்குறோம். நகரத்துல கோடிக்கணக்குல மேம்பாலம் கட்டுறாங்க, அதுல கார்ல போறப்போ யாரும் டிக்கெட் கேக்கிறதில்ல, ஒரு கார்ல பெரும்பாலும் ஒரே ஆள்தான் போறோம். டெல்லி 2019ல, நாம 2021ல ஆரம்பிச்சோம், அப்புறம் 2023ல கர்நாடகா, தெலங்கானா, 2025 ஆகஸ்ட்ல ஆந்திரான்னு எல்லாக் கட்சியும் கொண்டு வந்துடுச்சு, இனி யாரும் திரும்ப எடுக்க மாட்டாங்க.

நீங்க கோபப்பட வேண்டிய இடம் வேற. கூட்டம் கூடின அளவுக்கு பஸ் கூடல. கிராமத்து ரூட்ல ஒரு ட்ரிப் கட்டானா அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம், மழை பேஞ்சா உள்ள ஒழுகுது, சில ஊர்ல பொம்பளைங்க மட்டும் நின்னா டிரைவர் நிறுத்தாம போறார். டிக்கெட்டுக்கு காசு குடுக்காதவங்க யாருக்கும் வேண்டாதவங்கங்கிற நினைப்பு அந்த பஸ்ஸுக்குள்ள இருக்கிற வரைக்கும் திட்டம் பாதிதான் நடக்குது. அரசு மானியத்த போக்குவரத்துக் கழகத்துக்கு ஒழுங்கா குடுத்து, எந்த ரூட்ல எத்தனை பேர் ஏறினாங்கன்னு எண்ணி, அந்த ரூட்டுக்கு புது பஸ் போடணும். பெண்களுக்கு காசு வாங்காம குடுக்கிற ஜீரோ டிக்கெட் அடிக்கிற மெஷின்லயே அந்தக் கணக்கு இருக்கு.

கேள்வி: 12 லட்சத்துக்குள்ள குடும்பக் கார். சன்ரூஃப் மாடலா, அஞ்சு ஸ்டார் சேஃப்டி மாடலா?
- கோயம்புத்தூர் வாசகி

ஸ்டார். நம்ம வெயில்ல சன்ரூஃப் வருஷத்துல பத்து நாள்கூட திறக்க மாட்டீங்கம்மா, திறந்தாலும் பிள்ளைங்கள அதுல நிக்க விடக்கூடாது.

கார்கள மோத விட்டு ஸ்டார் குடுக்கிற பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபர்ல இருந்து நடக்குது, 64 கிலோமீட்டர் வேகத்துல முன்பக்கம் மோத விட்டுப் பாக்கிறாங்க. பெரியவங்களுக்குத் தனி ஸ்டார், குழந்தைங்களுக்குத் தனி ஸ்டார், ரெண்டையும் பாருங்க. வாங்கின பிறகு செய்யுற தப்புதான் ஜாஸ்தி. சீட்டோட பக்கவாட்டுல ஏர்பேக் இருக்கிற வண்டிக்கு கடையில போய் இறுக்கமா தோல் கவர் தைச்சு மாட்டுறாங்க, மோதுற நேரத்துல அது எப்படி கிழிச்சுக்கிட்டு வெளிய வரும்? அந்த வண்டிக்குன்னே தைச்ச கவர்தான் போடணும். முன்னாடி இரும்பு புல்பார் மாட்டாதீங்க, 2017லயே தடை பண்ணியாச்சு, மோதின அடி சென்சாருக்குச் சரியா போய்ச் சேராது. பின் சீட்டுல உக்காந்தாலும் பெல்ட் போடுங்க, போடலன்னா 1,000 ரூபா அபராதம்னு சட்டமே இருக்கு. குழந்தைய முன் சீட்டுல மடியில வெச்சுக்கிட்டு வராதீங்க. கை எவ்வளவு பிடிச்சாலும் நிக்காது.

கேள்வி: அம்மா ஊர்ல தனியா இருக்காங்க. "உங்க மேல கேஸ், டிஜிட்டல் அரெஸ்ட்"னு ஒருத்தன் வீடியோ கால்ல மிரட்டி இருக்கான். காசு போகல, ஆனா பயந்துட்டாங்க. என்ன பண்றது?
- பெங்களூர்ல வேலை பாக்கிற மகள்

காசு போகலங்கிறது பெரிய நிம்மதி. அம்மாவத் திட்டிடாதீங்க, படிச்ச அதிகாரிங்களே கோடிக்கணக்குல ஏமாந்திருக்காங்க. இந்திய சட்டத்துல டிஜிட்டல் அரெஸ்ட்னு ஒண்ணு கிடையவே கிடையாது, போலீஸோ சிபிஐயோ வீடியோ கால்ல உக்கார வெச்சு விசாரிக்க மாட்டாங்க. "யார் மிரட்டினாலும் கட் பண்ணிட்டு எனக்குப் போன் போடும்மா"ன்னு ஒரே ஒரு வழக்கத்த பழக்குங்க, அது போதும், பத்து ரூல் சொன்னா ஞாபகம் இருக்காது.

நீங்க ஊருக்குப் போறப்போ செய்ய வேண்டியது: யூபிஐக்கு தனியா ஒரு அக்கவுண்ட், அதுல நாலாயிரம் அஞ்சாயிரத்துக்கு மேல வெக்காதீங்க, பென்ஷன், டெபாசிட் இருக்கிற அக்கவுண்ட போன்ல இணைக்கவே வேண்டாம். பணம் வாங்குறதுக்கு பின் நம்பர் போட வேண்டியதே இல்லைன்னு அவங்க கையிலயே போன குடுத்து, நீங்க பத்து ரூபா அனுப்பிக் காட்டுங்க, வாயால சொல்றதவிட அது மனசுல நிக்கும். வாட்ஸ்அப்ல "டிராஃபிக் அபராதம்", "கல்யாணப் பத்திரிகை"ன்னு ஏபிகே ஃபைல் (தொட்டா போன்ல ஆப் ஏத்துற ஃபைல்) வந்தா தொடவே கூடாது. எப்பவாவது காசு போயிட்டா அழுதுக்கிட்டு நேரத்த விடாம உடனே 1930க்கு அடிக்கணும். முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல சொன்னாத்தான் அந்தப் பணம் அடுத்த அக்கவுண்டுக்குத் தாவுறதுக்குள்ள நிறுத்தி வைக்க வழி உண்டு.

கேள்வி: ரோட்டுல அடிபட்டுக் கிடக்கிறவங்களத் தூக்கினா போலீஸ், கோர்ட்டுன்னு அலைய விடுவாங்களேன்னு பயமா இருக்கு. சட்டம் என்ன சொல்லுது?
- கல்லூரி மாணவர், விழுப்புரம்

தம்பி, இந்தக் கேள்விய உங்க வயசுல ஒருத்தர் கேக்கிறதே எனக்கு நிறைவா இருக்கு. 2022ல மட்டும் இந்த நாட்டுல ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேர், அதுல தமிழ்நாட்டுல 17,884. பாதிக்குக் கொஞ்சம் குறைவா டூவீலர்ல போனவங்க. எத்தனையோ பேர் சுத்தி நின்னு வீடியோ எடுக்கிறப்போ ரத்தம் போயே செத்திருக்காங்க.

சட்டம் உங்க பக்கம் இருக்கு. 2016ல சுப்ரீம் கோர்ட் வழிகாட்டுதல ஏத்துக்கிச்சு, 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துல 134ஏன்னு பிரிவாவே போட்டுட்டாங்க. உதவி பண்றவர் மேல சிவில் கேஸோ கிரிமினல் கேஸோ போட முடியாது. பேரு, அட்ரஸ், போன் நம்பர் குடுக்கச் சொல்லி போலீஸோ ஆஸ்பத்திரியோ கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சி சொல்றதும் உங்க விருப்பம். ஆஸ்பத்திரியில "நீங்க பணம் கட்டுங்க"ன்னு உங்ககிட்ட கேக்கக் கூடாது.

செலவு யாரு தருவாங்கங்கிற பயமும் வேண்டாம். 2021 டிசம்பர் 18ல மேல்மருவத்தூர்ல ஆரம்பிச்ச "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்துல முதல் 48 மணி நேரச் சிகிச்சைய அரசே பாத்துக்குது, திட்டத்துல சேந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் செல்லும், அடிபட்டவர் வெளிமாநிலக்காரரா இருந்தாலும் செல்லும். முதல்ல ஒரு லட்சம்னு இருந்த வரம்ப ரெண்டு லட்சம் ஆக்கிட்டாங்க. உங்க ஊர்ச் சாலையில எந்தெந்த ஆஸ்பத்திரி இதுல இருக்குன்னு இப்பவே தெரிஞ்சு வெச்சுக்கோங்க, அடிபட்ட நேரத்துல தேட முடியாது.

அங்க போனா செய்ய வேண்டியது: முதல்ல 108, லொகேஷன் சொல்லும்போது பக்கத்துல இருக்கிற கிலோமீட்டர் கல்லு நம்பரையும் எந்தப் பக்கத்து ரோடுன்னும் சொல்லுங்க. பின்னாடி வர்ற வண்டிய நிறுத்த ஒருத்தர முன்னாடியே நிக்க வைங்க, ராத்திரின்னா போன் டார்ச்சோட, இல்லன்னா ரெண்டாவது விபத்து நடக்கும். ரத்தம் பீச்சுற இடத்துல சுத்தமான துண்டு வெச்சு அழுத்திப் பிடிங்க, எடுத்து எடுத்துப் பாக்காதீங்க. தண்ணி குடுக்காதீங்க, நம்ம ஊர்ல எல்லாரும் முதல்ல செய்யுறது அதுதான், மயக்கத்துல இருக்கிறவருக்கு மூச்சுக்குழாய்ல போயிடும். மூச்சு சீரா இருந்தா ஹெல்மெட்ட இழுத்துக் கழட்டாதீங்க, கழுத்து எலும்பு அடிபட்டிருந்தா நீங்க இழுக்கிற இழுப்புலயே நரம்பு போயிடும். கையையும் காலையும் பிடிச்சுத் தூக்கி ஆட்டோவுல மடக்கிப் போடுறதும் அதே ஆபத்து, தீப்பிடிக்கிற நிலைமை இல்லன்னா ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அசைக்காம பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. அவர் போன்ல "அம்மா"ன்னோ "வீடு"ன்னோ நம்பர் இருந்தா கூப்பிட்டு எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் நிதானமா சொல்லுங்க.